ஒரு சாய்வுக்கட்டை குறைந்த வீடு

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் ஏறிய விமானம் கடலுக்கு மேல் வந்ததும் ஜன்னல் திரையை இறக்கிவிட்டேன். கீழே தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை என்கிற தகவல் இரண்டு மணி நேரத்துக்கு எனக்குத் தேவைப்படவில்லை. நடுவில் இறக்கை ஆடுவதாக விமானப் பணிப்பெண்ணிடம் முறையிட்டேன். "ஆடத்தான் சார் செய்யும்" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். தண்ணீரைக் கண்டு பயப்படுகிறவனுக்கு வைத்தியமும் தண்ணீர். பக்கத்து இருக்கையில் என் மனைவி பிலோமினா, எனக்கும் தனக்கும் எந்த உறவும் இல்லாதது போலக் கண்ணை மூடி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நான் தூத்துக்குடியில் கம்பி, சிமெண்ட், பெயிண்ட் விற்கிறவன். ஐம்பதைத் தாண்டிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் பயங்களையும் தெரியும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் உறுமியதை நிலநடுக்கம் என்று நினைத்துத் தெருவுக்கு ஓடியவன். ஓடியபோது லுங்கியும் கூடவே வந்ததா என்பதில் எங்கள் தெருவில் இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு. இப்படிப்பட்ட ஆளை அந்தமானுக்கு இழுத்தது ஒரே காரியம். பிலோமினாவுக்குப் பெரியப்பா மகன் லூர்து. அவருடைய ஒரே மகள் ரோஸ்லினுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். "அத்தை வராம தாம்பூலம் மாத்த மாட்டேன்" என்று அந்தப் பெண் போனில் சொல்லிவிட்டாள். அத்தையோடு மாமா இலவச இணைப்பு.

போர்ட் பிளேயருக்கு இப்போது வேறு பெயர். பலகைகளில் புதிது, ஆட்டோக்காரர்கள் வாயில் பழையது. வெளியே லூர்து மச்சான் பிக்கப் வண்டியோடு நின்றார். தீவிலேயே பிறந்தவர், கட்டடக் காண்ட்ராக்டர். அவருடைய அப்பா வேம்பாற்றிலிருந்து மீன்பிடிக்க வந்து, மீனை விட்டுக் கட்டட வேலைக்குப் போனவர். அதனால் மச்சான் பேசுகிற தமிழ் எங்கள் கடற்கரைத் தமிழ். நடுநடுவே தீவின் இந்தி முள் மாதிரி மாட்டும்.

"அரே, மெயின்லேண்ட் பயில்வான் வந்துட்டாரு! என்ன மாப்ள, பிளேன் விழலியா?"

"விழுறதுக்குள்ள எறங்கிட்டேன் மச்சான்."

ஹேடோவில் துறைமுகக் குடியிருப்புகளைக் காட்டினார். "மாப்பிள்ளை வீடு இங்கதான். சம்பந்தி போர்ட்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு." அதைத் தாண்டி சாத்தம் துறை. வண்டியோடு படகில் ஏறினால் எதிர்க்கரை பேம்பூ பிளாட். ஆளுக்குப் பத்து ரூபாய். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று டிக்கெட் கொடுத்தவரிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பந்த்ரா மினிட் கா ராஸ்தா ஹை, சாப்" என்றார். கால் மணி நேரத்தில் ஆள் மூழ்க மாட்டான் என்பது அவர் கணக்கு.

பேம்பூ பிளாட்டிலிருந்து விம்பர்லிகஞ்ச் பக்கம் பத்து கிலோமீட்டர் இருக்கும். ஓடைப் பாலம் ஒன்றில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தது. வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். "முதலை கண்ணாடியத் தட்டிக் கேட்டுட்டா ஏறும்?" என்றார் மச்சான்.

பாக்குத் தோப்புக்குள் வண்டி திரும்பியது. மேட்டின் மேல், இங்கிலாந்து நாட்டுப்புறத்திலிருந்து வழி தவறி வந்த ஒரு பண்ணை வீடு நின்றிருந்தது.

கறுத்த மரச்சட்டங்கள், அவற்றுக்கு இடையே கட்டம் கட்டமாக வெள்ளைப் பூச்சு. தெருச்சண்டையை எட்டிப் பார்க்கிற ஆள் மாதிரி மேல்மாடி கீழ்த்தளத்தைவிட ஒரு முழம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. கூரைக்குச் செங்குத்தான சரிவு. பனி வழுக்கி விழுவதற்காம். இந்த ஊரில் பனி விழ வேண்டுமானால் வானம் முதலில் மெயின்லேண்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும். பழைய மர ஓடுகள் போய் இப்போது தகரம். ஒரு பக்கம் செங்கல் புகைபோக்கி. உள்ளே போனால், வேர்த்து ஊற்றுகிற கூடத்தில் குளிர்காய ஒரு கணப்படுப்பு! அதைச் சுத்தம் செய்து, சின்ன விளக்குப் போட்டு, வேளாங்கண்ணி மாதாவை உள்ளே வைத்திருந்தார்கள். மாதாவுக்கு அளவெடுத்துக் கட்டியது போலவே இருந்தது.

கட்டியவர், மரம் வெட்டும் வேலையை மேற்பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்கிறார்கள். அப்பாவின் பண்ணை வீட்டை நினைவிலிருந்து வரைந்து, இந்தக் காட்டின் படாக் மரத்தில் எழுப்பினாராம். பெயர் யாருக்கும் தெரியவில்லை. கை மாறிக் கை மாறி, பேய் வீடு என்று விலை இறங்கிய நேரத்தில் மச்சானின் அப்பா வாங்கிப்போட்டார்.

"ஒரு ஆணி கெடையாது மாப்ள" என்று தூணைத் தட்டினார் மச்சான். "பூரா மரமுளைதான். கட்டையில நாக்கு செதுக்கி, தூணுல வாய் வெட்டி, உள்ள சொருகி, குறுக்க முளை அடிச்சிருக்கான். காத்து அடிச்சா வீடு முனகும். நீரு பயப்படாதயும்."

பயப்படாதே என்று சொல்லிக்கொடுத்துப் பழகுவதற்கு அது நீச்சலா? அன்றைக்குச் சாயங்காலம் மேல்மாடி அறையில் கட்டிலில் உட்கார்ந்தேன். வீடு முனகியது. நானும் முனகினேன். "ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு விளக்க அணைங்க" என்றாள் பிலோமினா.

சனிக்கிழமை மழை. கீழே சமையல் ஏற்பாடு. மேலே பெரிய கூடத்தில் ரோஸ்லினின் தோழிகள் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தல் நனைந்துவிட்டதால் நிச்சயதார்த்தம் மாடியில்தான் என்று முடிவாகியிருந்தது. எந்தப் புது வீட்டிலும் நான் முதலில் செய்வது ஓட வழி பார்ப்பது. ஒரே மாடிப்படி, ஒடுக்கம், நடுவில் ஒரு திருப்பம். அறுபது பேர் மேலே, ஒரு படி கீழே. இதை மனதில் குறித்துக்கொண்டு கீழ்த்தளத்தை அளந்தபோதுதான் வீட்டின் எலும்புக்கூடு மெல்லப் பிடிபட்டது.

செங்கல் மேடை மேல் நாலாபுறமும் படுக்கைக் கட்டை. அதில் தூண்கள். தூண்களின் தலையில் உத்திரம். தூணும் உத்திரமும் சேர்கிற மூலைகளில், வளைந்து வளர்ந்த மரத்தை அப்படியே அறுத்துச் சாய்வாகக் கொடுத்திருந்தார்கள். அக்குளில் கை வைத்துத் தூக்குவதுபோல. ஒவ்வொரு சேர்க்கையிலும் உளியால் கீறிய கோடுகள். தூணில் ஒரு கோடு என்றால் அதில் சேரும் கட்டையிலும் ஒரு கோடு; இரண்டென்றால் இரண்டு. கீழே வைத்துச் செதுக்கி, அடையாளம் போட்டு, மேலே ஏற்றி மாட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதுபோல ஒவ்வொரு மூலையாகப் போனேன். ஒன்று, உள்ளேன் ஐயா. இரண்டு, உள்ளேன் ஐயா.

மூன்றாவது மூலையில் ஒரு இரட்டைக் கதவு பிரிட்ஜ் நின்றது. புத்தம் புதுசு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதற்குப் பின்னால் தூணில் நீள்சதுரமாக ஒரு ஓட்டை. மேலே உத்திரத்தின் அடியில் அதேபோல இன்னொன்று. இரண்டின் பக்கத்திலும் மூன்று கோடுகள். நடுவில் ஆள் இல்லை.

பிரிட்ஜை விட்டு இரண்டடி பின்வாங்கினேன். காரணம் இருக்கிறது. என் கடையில் பெயிண்ட் டப்பா அடுக்குகிற இரும்பு ராக்குகள் உண்டு. நாலு கால், நாலு தட்டு. மூலைக்கு மூலை முக்கோணத் தகடு போட்டு முடுக்கினால்தான் அது ராக்கு, போடாவிட்டால் குடிகாரன். ஒரு தடவை தகடு போடாமல் டப்பாக்களை ஏற்றிவிட்டோம். நேராக நின்றது, ரொம்ப மரியாதையாக நின்றது. ஒரு பையன் தோளால் லேசாக இடித்ததும் அப்படியே பக்கவாட்டில் மடங்கிப் படுத்துவிட்டது. கால்கள் உடையவில்லை. தட்டுகள் வளையவில்லை. நாலு மூலையும் கோணம் மாறியதோடு சரி.

அந்தப் பக்கச் சுவரில் சாய்வுக்கட்டை மொத்தமே இரண்டு. மிச்சமிருந்த ஒன்று வீடு ஒரு பக்கம் சாய்வதைத் தடுக்கும். மறுபக்கம் சாய்ந்தால் பிடிக்க இருந்தவனைத்தான் பிரிட்ஜ் விரட்டியிருந்தது. மாடிக்கு ஓடினேன். அந்த மூலைக்கு நேர் மேலே இருந்த கதவு மூடவில்லை. அடிப்பக்கத்தைப் புதிதாகச் சீவியிருந்தார்கள். வெள்ளைப் பூச்சில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு விரிசல்.

மச்சான் முற்றத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், பிரிட்ஜ் மூலையில ஒரு கட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. வளைஞ்சு கெடந்துச்சு. பிரிட்ஜ் இடிச்சிட்டு. போன வாரம் முளையத் தட்டிக் கழட்டிட்டேன்."

"அது வீட்டைத் தாங்குற கட்டை."

"ஏ மாப்ள, தாங்குறது தூணு. தூணு இருக்கா? இருக்கு. சுவரு இருக்கா? இருக்கு. கோணலா கெடக்கது எதைத் தாங்கும்? வெள்ளைக்காரன் அழகுக்கு வச்சது."

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. நாங்கள் இருவரும் சிமெண்ட் சாதி. எங்கள் உலகில் பாரம் மேலிருந்து கீழே இறங்கும்; கீழே சுவர் வாங்கிக்கொள்ளும்; வேலை முடிந்தது. வீடு பக்கவாட்டிலும் போக ஆசைப்படும் என்பதை ஒரு ராக்கு என் காலில் விழுந்து சொல்லாமலிருந்தால் நானும் அந்தக் கட்டையை அழகு என்றுதான் சொல்லியிருப்பேன்.

"அந்தச் சுவரு சுவரே இல்ல மச்சான். மூங்கில் பிளாச்சைப் பின்னி சுண்ணாம்பு பூசியிருக்கு. தட்டி."

"எழுபது பேரு இந்த மாடியில டான்ஸ் ஆடியிருக்கோம். குச் நஹி ஹோகா, ஒண்ணும் ஆவாது."

"அப்ப அந்தக் கட்டை இருந்துச்சு."

அவர் அண்டாவைக் கவிழ்த்து வைத்தார். "நேத்து பிளேன் விழும்னீரு. படகு முங்கும்னீரு. முதலை வரும்னீரு. இன்னைக்கு வீடு. நாளைக்கு வானமா வே?" பக்கத்தில் வெங்காயம் உரித்த பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமாக நானே வளர்த்திருக்கிறேன். ஆனாலும் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "சலோ, ஒமக்காக ஒரு ஜாக்கி போடுதேன்" என்று, கான்கிரீட் போடும்போது பலகைக்கு முட்டுக்கொடுக்கிற இரும்புக் குழாய் ஒன்றைக் கொண்டுவந்து பிரிட்ஜ் பக்கத்தில் நெட்டுக்குத்தாக நிறுத்தி முடுக்கினார். "இப்ப தூங்கும்வே."

கீழே இறங்கும் பாரத்துக்கு ஜாக்கி. பக்கவாட்டில் போகும் பாரத்துக்கு நான் ஒருவன்தான் விழித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் படகேறி வந்து சேர்ந்தார்கள். சம்பந்தி அந்தோணி பெரிய உடம்பு, முட்டிவலி. மாடி ஏறவே ஒரு ஜெபம் சொல்லும் நேரம் எடுத்துக்கொண்டார். அவர் வைத்த ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. நான் கீழேயே நின்றுவிட்டேன். கூல்டிரிங்ஸ் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, உண்மையில் மூன்றாம் நம்பர் மூலையைப் பார்த்துக்கொண்டு.

மேலே ஃபாதர் ஜெபத்தை ஆரம்பித்தார். எங்கள் ஆட்கள் ஜெபம் என்றால் முழங்காலில் நிற்பார்கள். அறுபது பேரும் ஒரே நேரத்தில் முழங்காலிட்டார்கள்.

தட்.

உத்திரத்திலிருந்து தூசி இறங்கிப் பிரிட்ஜின் தலையில் விழுந்தது. ஜாக்கி அசையவில்லை. ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது ஒரு இழுப்பு. தூணும் உத்திரமும் சேர்கிற இடத்தில், கறுத்த மரத்துக்கு நடுவே வெளுத்த மரம் ஒரு விரற்கடை தெரிந்தது. இத்தனை காலமும் வெளிச்சம் படாத மரம். பிறகு மாதா பாட்டு, கைதட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அந்த வெள்ளைக்கோடு திறந்து மூடியது. ஜாக்கி நேராகத்தான் நின்றது. வீடுதான் அதை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

என் கால்கள் வழக்கம்போல வாசலைப் பார்த்து இரண்டடி வைத்தன. அவற்றைத் திருப்பி மாடிப்படியில் வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மேலே மோதிரத் தட்டு தயாராக இருந்தது. மச்சான் என்னைக் கண்டதும், "ஒக்காரும்வே" என்று கையைக் காட்டினார். யாரோ, "என்ன, முதலை மாடி ஏறிட்டா?" என்றார்கள். சிரிப்பு. நான் கூட்டத்துக்குள் நுழைந்து ரோஸ்லின் பக்கத்தில் குனிந்தேன். கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டேன். அறுபது பேர், ஒரு படி, நடுவில் ஒரு திருப்பம்.

"ரோஸ்லின், எல்லாரையும் கீழ எறக்கணும்மா. மொத்தமா ஓடக் கூடாது."

அவள் பட்டுச்சேலையும் பூவுமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நெசமா மாமா?"

"நெசந்தான்."

"நீங்க பயந்தா ஊரக் கூட்டிக் கத்துவீங்க. இப்ப காதுக்குள்ள பேசுறீங்க." அவ்வளவுதான். எழுந்துவிட்டாள். "ஃபாதர், மழை விட்டுட்டு. மோதிரத்தை வீட்டு முன்னாடி வச்சி மாத்துறோம்."

பாதிக் காரியத்தில் பெண் எழுந்தால் எந்தச் சம்பந்தி வீடும் சிரிக்காது. "இப்பவே அதிகாரத்தப் பாரு" என்று மாப்பிள்ளையின் சித்தி வாயைக் கோணினாள். மச்சானின் முகம் சிவந்தது.

"என்ன புள்ள இது, பாதியில?"

"போட்டோ வாழ்நாளுக்கும் இருக்கும்ப்பா. எனக்கு வீடு பூரா தெரியணும்." பிறகு வகுப்பு டீச்சர் மாதிரி கையை நீட்டினாள். "மொதல்ல வயசானவங்க. பெறகு பிள்ளைக்காரங்க. ஒவ்வொரு குரூப்பா போட்டோ. படி வழுக்கும், மெதுவா. அத்தை, நீங்க கீழ நின்னு வரிசையா நிறுத்துங்க."

பிலோமினா என்னை ஒரே ஒரு தரம் பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் கிழவியின் கையைப் பிடித்து இறங்கினாள்.

இறங்க இறங்க வீடு அசைந்தது. எட்டுப் பத்துப் பேராகப் போனார்கள். போட்டோவில் எங்கே நிற்பது என்று படித்திருப்பத்தில் இரண்டு பெண்கள் வாக்குவாதம் செய்தார்கள்; நான் மேலே நின்று பல்லைக் கடித்தேன். ரோஸ்லின் கடைசி வரிசைப் பெண்களோடு இறங்கினாள். கூடம் காலியாகிவிட்டது, ஒரு நாற்காலியைத் தவிர. அதில் சம்பந்தி அந்தோணி, மடியில் தட்டோடு, நெய்விட்ட கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க போங்க தம்பி. எம் மூஞ்சிய யாரு பாக்கப் போறா? ஏறுனதே போதும்."

"அய்யா, பையனோட அப்பா இல்லாத போட்டோவ வச்சி நாளைக்கு யாராவது வழக்குப் போட்டா?"

"போடட்டும்." இன்னொரு வாய்.

கதவு தானாகத் திறந்து தானாக மூடியது. என்னிடம் மிச்சமிருந்தது ஒரே ஆயுதம். "கீழ மட்டன் போட ஆரம்பிச்சிட்டாங்க. எலும்புக்கறி மொதப் பந்திக்குத்தானாம்."

அந்தோணி எழுந்தார். படித்திருப்பத்தில் நின்று, மூச்சு வாங்கி, ஒரு தடவை புயலில் கப்பலைக் கயிறு போட்டுத் துறையில் கட்டின கதையை ஆரம்பித்தார். அவர் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே "ஆமா அய்யா", "அப்புறம் அய்யா" என்று சொன்னது நான்தானா என்பது இப்போதும் சந்தேகம். கீழ்ப்படி, கூடம், வாசல், மழை நனைத்த மண்.

பின்னால் பெரிய சத்தம்.

எல்லாரும் திரும்பினோம். பிரிட்ஜ் மூலையில் இரண்டு தூணுக்கு நடுவே இருந்த வெள்ளைச் சுவர், மூங்கில் பின்னலோடு அப்படியே பெயர்ந்து உள்ளே விழுந்திருந்தது. சுண்ணாம்புப் புகை அடங்கியதும் அந்த ஓட்டை வழியாகப் பிரிட்ஜ் தெரிந்தது. மேல்கதவு நசுங்கி, உறையோடு மாவில் புரட்டிய மீன் மாதிரி. அப்பால் கணப்படுப்பில் மாதா. தூண்களும் உத்திரமும் ஒரு பக்கம் ஒருக்களித்து, ஆனாலும் நின்றுகொண்டிருந்தன.

மச்சான் அண்ணாந்து தூண்களைப் பார்த்தார். "சுவரு விழுந்துட்டு மாப்ள" என்றார் மெல்ல. "வீடு நிக்குதே."

"அது அதோட வேட்டி மச்சான். வேட்டி அவுந்தா மானந்தான் போவும், ஆளு நிப்பான். எலும்பு விலகாம இருக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அறுபது பேரையும் ஒரு தடவை கண்ணால் தடவினார், சின்னக் குழந்தைகளிடம் கொஞ்சம் நின்று. பிறகு மகளைப் பார்த்தார். ரோஸ்லின், "ஃபாதர், நீங்க ஆரம்பிங்க" என்றாள். சுவரில் ஓட்டை விழுந்த வீட்டை முன்னால் வைத்து மோதிரம் மாற்றினார்கள். வாயைக் கோணிய சித்திதான் முதலில் அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள்.

மட்டன் உண்மையிலேயே தயாராக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் யாரும் கிளம்பவில்லை. மச்சான் பிக்கப்பிலிருந்து, பாரம் இழுக்கிற செயின் பிளாக்கை இறக்கி, மேட்டின் பின்னால் இருந்த தடித்த மரத்தில் சங்கிலியைக் கட்டி, உத்திரத்தின் தலையில் மாட்டினார். மூன்று கோடு போட்ட கட்டை பன்றிக் கொட்டில் பக்கம் சாக்கடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்தது. ஒரு வாரமாக எல்லாரும் அதில் நடந்திருக்கிறார்கள், நானும். கழுவித் துடைத்தோம். படாக் மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

சங்கிலியை அந்தோணி தன் கையில் வாங்கினார். முட்டிதான் வலி, கை இல்லையாம். கிளிக், கிளிக் என்று ஒவ்வொரு பல்லாக இழுக்க இழுக்க வீடு அடித்தொண்டையில் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. பட்டுச்சேலைகள் எல்லாம் பாக்கு மரத்தடியில் மூச்சைப் பிடித்து நின்றன. மச்சான் ஏணியில் ஏறி நாக்கை வாய்க்குக் கொண்டுபோனார். ஒருமுறை இடித்தது. "இன்னும் ரெண்டு பல்லு!" மறுமுறை, சாவி மாதிரி உள்ளே போயிற்று. பழைய முளை ஒன்று தொலைந்திருந்தது. சுத்தியல் காம்பை அறுத்துச் செதுக்கி அடித்தார். வெளுத்த மரம் கறுப்புக்குள் மறைந்தது.

மாடிக்குப் போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தேன். சட்டத்தில் பொருந்தி நின்றது. சீவிய அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு இடைவெளி. மச்சான் வந்து அந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தார். இரவுச் சாப்பாட்டில் மழையைப் பற்றி மட்டும் பேசினார்.

திங்கள் காலை புறப்பட்டோம். பேம்பூ பிளாட்டில் டீ பதினைந்து ரூபாய். அதையும் மச்சான் குடிக்காமல் கையில் வைத்திருந்து கீழே ஊற்றினார். படகில் நான் லைஃப் ஜாக்கெட் கேட்டுப் பார்த்தேன், கிண்டல் வரவில்லை. ஹேடோ போயிற்று. டெலானிபூர் ஏற்றத்தில் வண்டியை ஓரம் கட்டினார்.

"மாப்ள, பிளைட்டு எப்ப?"

"இன்னும் நேரம் கெடக்கு மச்சான்." எந்தப் பயணத்துக்கும் அரை நாள் முன்னதாகப் போய் உட்கார்கிற ஆள் நான்.

"டாலிகஞ்ச்ல ஒரு வீடு. பழைய மர வீடு. போன மழைக்கு முந்தி நான்தான் வேலை பாத்தேன். வாசல அகலமா கேட்டாங்க. அங்க கோணலா ரெண்டு கட்டை நின்னுச்சு." ஸ்டியரிங்கைத் தடவினார். "ரெண்டையும் எடுத்துட்டேன்."

பின்னிருக்கையிலிருந்து பிலோமினாவின் குரல் வந்தது. "ஆளு குடியிருக்காங்களாண்ணே?"

"கீழ குடும்பம். மேல தையல் கடை."

"அப்ப இங்க எதுக்கு நிறுத்தியிருக்கீங்க?"

டாலிகஞ்ச் விமான நிலையத்துக்குப் பக்கம்தான். சந்துக்குள் தகரக் கூரை போட்ட மாடி வீடு. பலகைச் சுவருக்குப் பச்சைப் பெயிண்ட். கீழே பெரிய, அழகான, அகலமான புது வாசல். கதவு மூடாததால் துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஐந்தோ ஆறோ, சேர்ந்தும் சேராமலும். வாசல் சட்டத்தில் கை வைத்தேன். அந்த ஓட்டம் என் விரலுக்கு வந்தது.

எங்கள் ஊரில் கடைசித் தவணை வாங்கிய காண்ட்ராக்டர் அந்தத் தெருவை விட்டுச் சுற்றிப் போவார். எதிரே பார்த்தால் போன் பேசுவார். நானும் எத்தனையோ வீடுகளுக்குக் கம்பியும் சிமெண்டும் கொடுத்திருக்கிறேன். கிரகப்பிரவேசச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வீட்டு வாசலையும் மிதித்ததில்லை. மச்சான் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டுப் படியேறினார்.

வீட்டுக்காரர் ஒரு வங்காளி. மச்சானைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆயியே, கண்ட்ராக்டர் சாப்! சாய் பியேங்கே?" என்று டீக்கு உபசரித்தார். கதவைக் காட்டி, மழைக்கு மரம் உப்பிவிட்டது போலிருக்கிறது, மூடுவதில்லை என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை.

மச்சான் ஒரு தரம் என் பக்கம் திரும்பினார். ஞாயிறு முழுக்கத் தமிழில் வராதது அப்போது இந்தியில் வந்தது.

"லக்டி நஹி ஃபூலா, தாதா. கல்தி ஹோ கயா. மேரா கல்தி." மரம் உப்பவில்லை, என் தப்பு என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஊபர் சே சப்கோ உதாரோ. ஆஹிஸ்தா."

மெதுவாக எல்லாரையும் இறக்குங்கள். வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மச்சானின் முகத்தைப் பார்த்துவிட்டு, மாடியை நோக்கிக் குரல் கொடுத்தார். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது; எங்களுடையதாக இருக்கலாம். அதன் இரைச்சல் அடங்கியபோது ஒரு மெஷின் நின்றிருந்தது. பிறகு இன்னொன்று. மச்சானும் பிலோமினாவும் நானும் அண்ணாந்து பார்த்தபடி, கடைசி மெஷின் நிற்கும்வரை அந்த அகலமான வாசலில் நின்றோம்.